நெவாடாவில் இருக்கும் ஒரே ஓட்டு

இனலாஹன், குவாம்
வியாழன் காலை

அன்புத் தம்பி கிரகோரியோவுக்கு அக்கா ருஃபினா எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் மாதாவின் காவலில் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம். உன் அத்தானும் நம் அண்ணன் இக்னாசியோவும் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை தேர்தல் முடிந்தது. நம் தீவு அமெரிக்காவுடையதுதான் என்றாலும், இங்கே ஜனாதிபதிக்குப் போடுகிற ஓட்டு எந்தக் கணக்கிலும் சேராது, நம் மனசை அறிய ஒப்புக்குக் கேட்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாததா? ஆனாலும் இவர்கள் இருவரும் ஜனாதிபதிக்கு நின்ற தலைவர்களைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள் மாதிரி ஒரு மாதமாக ரோட்டோரம் நின்று ஆளுக்கொரு கொடியை ஆட்டினார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அண்ணன் ஒரு கூடாரம் போட்டார், அதற்குப் பக்கத்திலேயே உன் அத்தான் இன்னொன்று. இரண்டுக்கும் சிவப்புச் சோறும் சுட்ட கோழியும் நான்தான் செய்தேன். மத்தியானம் தன் கூடாரத்தில் கோழி தீர்ந்துபோகவே அண்ணன் உன் அத்தான் கூடாரத்துக்கு வந்து தட்டை எடுத்தார். உன் அத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"மச்சான், எங்க கட்சிக் கோழி உங்க தொண்டையில இறங்குமா?"

"கோழி என் தங்கச்சி சுட்டது, மாப்பிள்ளை. உங்க கட்சியா முட்டை போட்டு அடைகாத்துச்சு?"

அவ்வளவுதான், தள்ளுமுள்ளு. கூடாரக் கால் சரிந்து, மேயருக்கு நின்றவரின் வெள்ளைச் சட்டையெல்லாம் மிளகாய்ச் சாறு. முடிவு வந்தபோது நம்ம ஊரில் இரண்டு தலைவர்களுக்கும் ஆளுக்கு முந்நூற்றுப் பதினொன்று ஓட்டு, சரிக்குச் சரி! மறுநாள் காலை இருவரும் தனித்தனி வண்டியில் தேர்தல் அலுவலகம் போய் மறுபடி எண்ணச் சொன்னார்களாம்.

"ஐயா, இது சேராத ஓட்டு. இதை எதுக்கு மறுபடி எண்ணணும்?" என்று கேட்டிருக்கிறாள் அங்கிருந்த பெண்.

"சேராத ஓட்டுன்னா தப்பா எண்ணலாமா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்களாம். அதில் மட்டும் ஒற்றுமை.

திரும்பி வந்த அண்ணன், "உன் புருஷன் வீட்டு வாசல்ல நான் கால் வைக்கமாட்டேன், வேற ஞானத்தகப்பன் பாத்துக்கோ" என்றுவிட்டார். மாதக் கடைசி ஞாயிறு என் பேத்திக்கு ஞானஸ்நானம். கோவிலில் அவர் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம். நேற்று முழுக்க என் மகள் ஃபெலிசா அழுதுகொண்டிருந்தாள். நான் இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். நம் குடும்பத்தில் செல்லுபடியாகும் ஓட்டு நெவாடாவில் இருக்கிற உன்னுடையது ஒன்றுதான். நீ யாருக்குப் போட்டாயோ அந்தப் பக்கம் ஜெயித்ததாக வைத்துக்கொள்வார்களாம். தோற்றவர் முதலில் போய்ப் பேசவேண்டும். போனில் கேட்டால் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவேனாம், அதனால் உன் கையெழுத்துப் போட்ட கடிதம்தான் வேண்டுமாம். ஒரே ஒரு பெயரை எழுதி உடனே அனுப்பு, சாமி. குழந்தையின் காரியம்.

கடவுள் உன் வீட்டைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

உன் அக்கா,
ருஃபினா

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது உன் மனைவி போன் செய்தாள். நீ அன்றைக்கு ஓட்டே போடவில்லையாமே, ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டாயாமே! இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். அண்ணன் அப்போதே கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பீர் குடித்தபடி உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம் சொன்ன தேதியில் நடக்கும். நீ பதில் போடவேண்டாம். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வரவும் வேண்டாம்.