ஸ்லோவில் நின்றுபோன களை மிஷின்

மழை ஓய்ந்து பத்து நாள். மரவள்ளிக் காட்டில் களை முழங்கால் உயரம். மல்லசமுத்திரம் தங்கமுத்துவுக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சேலத்தில் பழைய நண்பர்களோடு பிரியாணி. இரண்டுக்கும் நடுவில் மனைவி சௌமியா.

காலையில் அவள் பால் கறக்கப் போன நேரம், களையெடுக்கும் மிஷினின் கார்புரேட்டரில் ஒரு குட்டித் திருகைத் தங்கமுத்து இறுக்கி மூடினார். பிறகு அவளைக் கூப்பிட்டு நிறுத்திக் கயிற்றை இழுத்தார். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் உறுமியது. விட்டதும் விக்கி அணைந்தது.

“பாத்தியா? ஸ்லோவுல ஓடமாட்டேங்குது.”

“வேகமா ஓடுதுங்களே, அப்படியே ஓட்டுங்க.”

“வரப்புல திருப்பறப்ப நின்னுரும் புள்ள. வேகத்துல பெரிய ஓட்டை வழியா பெட்ரோல் வரும். ஸ்லோவுல காத்துக் கதவு மூடிக்கும், அந்த ஓட்டையில உறிஞ்ச பலம் இருக்காது. ஊசிமுனையாட்ட இன்னொரு ஓட்டைதான் பெட்ரோல் குடுக்கோணும். அதுக்குப் பேரு ஸ்லோ ஜெட்டு.”

“ஜெட்டுங்கறீங்க, தரையிலயே நகர மாட்டேங்குது?”

“சிரிக்காத. அடைச்சுக்கிச்சு. சேலம் போயி புதுசு வாங்கியாறேன்.”

“ஏனுங்க, அந்த ஓட்டையில எத்தனை பெட்ரோல் போகோணும்னு யாரு அளக்கறது?”

பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவரிடம் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. பூரித்துப் போனார்.

“இதா, இந்தத் திருகு! மூடுனா பட்டினி. ஒண்ணரைச் சுத்து தொறந்தா வயிறு நெறஞ்சுரும்.”

குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வெளியே வந்தால், வாசலில் ‘டப டப டப’. மிஷின் சாதுவாக ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு சௌமியா.

“எ… எப்படி?”

“எல்லாத் திருகுலயும் சேறு காஞ்சு கெடக்குது. இது ஒண்ணு மட்டும் பளபளன்னு இருந்துச்சு. யாரு கை பட்டுச்சோ! நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணரைச் சுத்து தொறந்தனுங்க.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் சிரித்தாள்.

செல்போனில் பிரியாணி அண்டாவின் படம் வந்து விழுந்தது. பெருமூச்சோடு சட்டையைக் கழற்றினார். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டால் அண்டாவின் அடியில் ஏதாவது ஒட்டியிருக்காதா? அந்த நப்பாசையில் மிஷினைப் பிடித்தார்.

“ஏனுங்க, ஒரு நிமிசம்,” என்றாள் சௌமியா. “பக்கத்துக் காட்டு வசந்தாமணியக்காகிட்ட உங்க மெக்கானிக் அறிவைப் பெருமையாச் சொன்னனுங்க. அவங்க ரெண்டு ஏக்கராவையும் இன்னைக்கே ஓட்டிக் குடுத்துருவீங்கன்னும் சொல்லிப்போட்டேன்.”