துளசி தழையட்டும்

"மாமா, ஒண்ணாந்தேதி நான் வேலைல சேரோணுமுங்க."

புகுந்த வீட்டில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். லோகப்பிரியா கேட்டேவிட்டாள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சட்டம் போட்டு மாட்டுவதற்காக வாங்கவில்லை.

மாமனார் காளிச்சாமி வாசல் தொட்டியைக் காட்டினார். "துளசி வாடிக் கெடக்குது பாரம்மணி. இப்ப மருமக படி தாண்டுனா ஊட்டுக்கு ஆகாது. அது தழையட்டும், போலாம்."

"செடி வாடுனா தண்ணி ஊத்தோணுமுங்க. என்னைய எதுக்கு நிறுத்தறீங்க?"

மாமியார் துளசியை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கணவன் கவின் செல்போனை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் முதல் விடியுமுன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். இலை மஞ்சளானது. புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினாள். இருந்த இலையும் கொட்டியது. வாசலெல்லாம் நாற்றம் வேறு.

"சளிக்குப் பறிக்கக்கூட ஒரு எல இல்லீயே," என்று இருமினார் காளிச்சாமி.

காரமடை ரோட்டில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அப்துல் நாசரிடம் ஓடினாள்.

"தெனமும் காலைல ஊத்தறனுங்களே, அப்பறமும் சாகுதுங்க!"

"அளவா ஊத்துங்க அம்மணி," என்று புதுச்செடி கொடுத்தார். யாருக்கும் தெரியாமல் மாற்றி நட்டாள். அளவாகத்தான் ஊற்றினாள். அதுவும் தலை தொங்கியது.

மாதக் கடைசி. பொழுது இறங்கும் நேரம். தொட்டியருகே மாமியார். இவளைக் கண்டதும் சொம்பு முந்தானைக்குள் போனது.

"அப்ப நீங்கதான் கொல்றீங்களா?"

"மெல்லப் பேசு கண்ணு..." மாமியாரின் கண்கள் மாமனார் உட்கார்ந்திருந்த கூடத்துக்குப் போய் வந்தன.

"எதுக்கு மெல்ல? என்னத்த ஊத்துனீங்க? நான் படிச்சது உங்களுக்கு அவ்வளவு எரியுதுங்களா?"

கூடத்தில் மாமனார் இருமும் சத்தம் கேட்டதும் மாமியார் சொம்போடு உள்ளே போய்விட்டாள்.

விடிந்ததும் லோகப்பிரியா துணிமணிப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். யாரும் சொல்லக்கூடாததைச் சொன்னாள்: "போறேன்." வாரேன் என்று சொல்ல மனம் வரவில்லை. கதவோரம் நின்ற மாமியாரின் முகத்தைப் பார்க்கவுமில்லை.

கேட்டருகே நாசரின் மொபெட் நின்றது. பின்னால் ஒரு துளசிக்கன்று.

"உங்க அத்தை நேத்து போன்ல கேட்டாங்க அம்மணி. உள்ள இருக்காங்களா?"

"இருக்காங்க. இதையும் கொல்லத்தான்." அவள் நிற்காமல் நடந்தாள்.

நாசர் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "அட, கொல்றதா? மருமவ வேலைக்குப் போகோணும்னு தெனமும் பொழுதெறங்குனா மாமாவுக்குத் தெரியாம அவங்களும் தண்ணியும் புண்ணாக்குமா ஊத்துறாங்க. ரெண்டு பேரும் ஊத்துனா எந்தத் துளசிங்க தாங்கும்!"