மலையில் மாப்பிள்ளை பார்த்த விவரம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாக்கியசாலி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அதில் உங்கள் தங்கை முழு நலம், நான் இடுப்புக்கு மேலே மட்டும் நலம். இந்தக் கடிதத்தைக் கட்டிலில் சாய்ந்தபடி, கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து ஏறி இறங்கினால் மன்னித்துக்கொள்ளவும். அங்கே உங்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதனதன் இடத்தில் அடங்கி இருக்கும் என்று நம்புகிறேன்.

"பையனைப் பார்த்துட்டுப் போன்ல சொல்லாதீங்க. போன்ல சொன்னதை மறுநாளே இல்லேம்பீங்க. எழுத்துல கொடுங்க" என்று விமான நிலைய வாசலில் நீங்கள் போட்ட உத்தரவின்படி இதை எழுதுகிறேன். இங்கே வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் விஷயம் உங்களுக்குத் தெரியும். ஒருவரைப் பிடித்திருக்கிறது, அப்பா வந்து பார்த்துச் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் யோசிப்பேன் என்று சொல்லிவிட்டாள். இவ்வளவு பெரிய பொறுப்பை என் தலையில் இதுவரை யாரும் வைத்ததில்லை, நம் வீட்டில் தேங்காய் வாங்கக்கூட உங்கள் தங்கை என்னைத் தனியாக அனுப்புவதில்லை. ஆகையால் வந்து இறங்கிய அன்றே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு, பையன் எப்போது வீட்டுக்கு வருவான் என்று காத்திருந்தேன். மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுல உக்கார வெச்சு விசாரிச்சா அவரு பயந்துடுவாருப்பா. ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம், அவரும் வராரு. நடந்துக்கிட்டே சாவகாசமா பேசுங்க" என்றாள்.

மச்சான், ஒரு மனிதனும் படியேறிக் கஷ்டப்படக் கூடாது என்று காலமெல்லாம் கிரீஸும் கையுமாகக் கிடந்த லிஃப்ட் மெக்கானிக் நான். மேலே போக வேண்டும் என்றால் பட்டனை அமுக்க வேண்டும், கதவு திறந்தால் உள்ளே போய் நிற்க வேண்டும், இதுதான் எனக்குத் தெரிந்த மலையேற்றம். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தினமும் காலையில் வாக்கிங் போகிறேன் என்று இரண்டு வருஷமாகப் போனில் அவளிடம் அளந்துவிட்டிருக்கிறேன். டீக்கடை பெஞ்சு வரைக்கும் போய் உட்கார்ந்து திரும்புவதும் ஒரு வகையில் வாக்கிங்தானே. அதை நம்பி அவள் ஆளுக்கு ஒரு ஜோடி மலையேறும் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தாள். காலில் மாட்டினால் இரண்டு செங்கலைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருந்தது. உங்கள் தங்கையோ அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா எனக்கு ஏன் இப்படி ஒண்ணு வாங்கித் தரல" என்று என்னைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. அந்த வேனுக்கு இழுத்துத் திறக்கும் கதவு, அது பாதியில் சிக்கி நின்றது. ஒரு கதவு பாதியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அது தொழில் புத்தி. குனிந்து பார்த்தேன், கீழே கதவு ஓடும் தடத்தில் ஒரு சின்னக் கல். சாவியால் நெம்பி எடுத்துக்கொண்டிருக்கும்போது மகள் மேலே நின்று, "அப்பா, இவருதான்பா" என்று சொன்னது காதில் விழுந்தது. நானும் தலையை வெளியே எடுக்காமலே, "வணக்கம் தம்பி, ஒரு நிமிஷம்" என்றேன். கல் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மகள் பக்கத்தில் ஒருவன் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான். உயரம் என்றால் உயரம், லிஃப்ட் கம்பி மாதிரி முறுக்கேறிய உடம்பு. அவளுடைய பையின் வார் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறான், உடனே உட்கார்ந்து என் பூட்ஸைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டணும் சார்" என்று நம் மொழியிலேயே சொல்லி அவனே கட்டிவிடுகிறான். எனக்கு அப்போதே பாதி மனசு நிறைந்துவிட்டது. இன்னும் ஒருவன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடி, தொப்பை, வேர்வை. வேன் டிரைவர். பாவம், என்னைப் பார்த்ததும் அவசரமாக இறங்கி வந்து கும்பிட்டான்.

மலை அடிவாரத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தபோது உச்சி தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. மகளும் உங்கள் தங்கையும் முன்னால் போனார்கள். வீட்டில் மாடியிலிருந்து துணியை எடுத்து வா என்றால் முட்டி வலிக்கிறது என்கிற உங்கள் தங்கை, மச்சான், ஆட்டுக்குட்டி போலப் போனாள். நான் தொப்பிக்காரப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்கச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும், இவன்தான் தாங்குகிறான். குடிப்பழக்கம் உண்டா என்றேன். "தண்ணிதான் சார், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும். நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்று பாட்டிலை நீட்டினான். கோபம் வருமா என்றேன். "சொன்ன பாதையை விட்டு யாராவது விலகினா வரும்" என்றான். எவ்வளவு ஒழுக்கமான பதில். அதற்கும் மேலே ஒன்று கேளுங்கள், எனக்கு எப்போதெல்லாம் மூச்சு வாங்கியதோ அப்போதெல்லாம் அவன் பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிடும், உட்கார்ந்து நிதானமாகக் கட்டுவான். நான் நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று எனக்குப் புரிந்தது. பெற்ற பிள்ளைக்கு வருமா இந்தப் பக்குவம்? என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

இதற்கிடையில் டிரைவரும் எங்கள் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தான். "வண்டியை யாரு பாத்துக்குறது?" என்றேன். "பூட்டிட்டேன் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு நின்று வந்தது. நம்மைவிட மோசமாக மூச்சு வாங்கும் ஒருவன் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது மலையில்தான் தெரியும். பாதி மலையில் ஒரு பாறையைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்துவிட்டோம். தொப்பிக்காரப் பையன், "மெதுவா வாங்க, நான் மேலே அவங்களைப் பாக்குறேன்" என்று போனான். அங்கேயிருந்து பார்த்தால், மச்சான், கீழே ஒரு ஏரி, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிப் பளபளக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, கடைசி மலை வானமா மலையா என்றே தெரியவில்லை. காற்றில் சத்தமே இல்லை, எங்கள் இருவருடைய மூச்சைத் தவிர. நான் பிஸ்கட்டைப் பிரித்து அவனுக்குப் பாதி கொடுத்தேன்.

"உன்கிட்ட சொல்றதுக்கு என்ன, நான் வாக்கிங்கே போறதில்ல தம்பி" என்றேன்.

"நான் ஜிம்முக்குப் பணம் மட்டும் கட்டியிருக்கேன் சார்" என்றான் அவன்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை. டிரைவர்களுக்கு நாலு பேரைத் தெரியுமே என்று, "அந்தத் தொப்பிக்காரத் தம்பி ஆளு எப்படி?" என்று விசாரித்தேன். "நல்லவரு சார். வேலையில ரொம்பக் கெட்டிக்காரரு" என்றான். "என் பொண்ணைக் கொடுக்கலாமா?" என்றேன். அவனுக்குப் பிஸ்கட் புரையேறிவிட்டது. முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

"அவரைக் கேட்டீங்களா சார்?"

"அவரை என்ன கேக்குறது? பொண்ணு பாத்து முடிவு பண்ணினதுதானே. அவ சொல்லலேன்னா நான் எதுக்கு இந்த மலையில வந்து சாகுறேன்?"

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். "தப்பா நினைக்காதே தம்பி, உன்னை மாதிரி உக்காந்து உக்காந்து ஏறுற ஆளா இருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்" என்றுகூடச் சொன்னேன். "நியாயம்தான் சார்" என்றான்.

மச்சான், பாறையில் உட்கார்ந்த சுகமோ என்னவோ, உங்களிடம்கூடச் சொல்லாததை அவனிடம் சொல்லிவிட்டேன். பையன் சம்பளம், குடும்பம் எல்லாம் நான் கேட்பது சும்மா பேச்சுக்குத்தான். நாங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவோம். இவளுக்கு ஒரு ஜுரம் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அவன் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "போன மழைக்காலத்துல ரொம்ப ஜுரம் சார், ஒரு வாரம் ஆஸ்பத்திரி. உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. ஆனா தனியா விடல சார்" என்றான். எனக்கு இது செய்தி. யார் கூட இருந்தது என்று கேட்டேன். "ஆபீஸ்ல இருக்கறவங்க" என்று எழுந்துவிட்டான். டிரைவர்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்பது சரியாகத்தான் இருக்கிறது.

ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து கம்பியில் தொங்கியபடி ஒரு பெட்டி சிவனே என்று மேலே வருகிறது. கதவு திறக்கிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி செருப்புக் காலோடு இறங்குகிறாள். அதைப் பார்த்து என் கண்ணில் தண்ணீர் வந்தது. மகள், "காட்சியைப் பாத்து அப்பா உருகிட்டாரு" என்று போட்டோ எடுத்தாள். டிரைவர் கடைசியாக வந்து சேர்ந்தான், சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. மகள் தன் துண்டையும் தண்ணீரையும் எங்களுக்கெல்லாம் முன்னால் அவனுக்குத்தான் கொடுத்தாள். ஆள் பார்த்து மதிப்புக் கொடுக்காத பெண், அது என் வளர்ப்பு. நான் நல்ல நேரம் பார்த்துத் தொப்பிக்காரப் பையனைத் தனியே கூப்பிட்டு, அவன் இரண்டு கையையும் பிடித்து, "என் பொண்ணை உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்" என்றேன். "கவலையே படாதீங்க சார். இதுவரைக்கும் நான் கூட்டிட்டுப் போன ஒரு பொண்ணுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல" என்றான். இந்த 'ஒரு பொண்ணுக்கும்' எனக்குக் கொஞ்சம் இடித்தது. கள்ளமில்லாத வாய் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை டீ குடிக்கும்போது உங்கள் தங்கையிடம், "எனக்குப் பையனைப் பிடிச்சிருக்கு" என்றேன். "எனக்குந்தான். கொஞ்சம் உடம்பைக் குறைக்கச் சொல்லணும்" என்றாள். அந்தக் குச்சி உடம்பில் எதைக் குறைப்பது? ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இவள் கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும். எப்படியோ, என் முடிவை நீங்கள் கேட்டபடி எழுத்தில் தருகிறேன்: பையன் தங்கம். மேற்கொண்டு நாள் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, என் கால்களுக்கு உங்கள் ஆசி.

இப்படிக்கு,
எழுத்து மூலமாகவும் அடங்கி நடக்கும்
உங்கள் தங்கை புருஷன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதுகிறேன் என்று உங்கள் தங்கை கடிதத்தை வாங்கினாள். படித்துக்கொண்டே வந்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து முடியாமல் மகளைக் கூப்பிட்டாள். மகள் படித்துவிட்டு, "மாமாவுக்கு இதை அனுப்பிடாதீங்கப்பா" என்றாள். தொப்பிக்காரன் மலையில் வழிகாட்டும் ஆள். நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று நம் மொழி தெரிந்தவனாகத் தேடி, அவள்தான் அன்றைக்கு ஒரு நாளைக்கு ஏற்பாடு செய்திருக்கிறாள். வயசானவர்கள் வந்தால் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்களாம். ஆகவே மச்சான், மேலே பையன் என்று வரும் இடமெல்லாம் வழிகாட்டி என்றும், டிரைவர் என்று வரும் இடமெல்லாம் மாப்பிள்ளை என்றும் திருத்திப் படிக்கவும். வேன் அவனுடைய நண்பனுடையதாம், அவளும் அவனும் ஒரே ஆபீஸாம். உங்கள் தங்கைக்கு முதலிலிருந்தே தெரியுமாம், "நீங்க கேக்கலியே" என்கிறாள். ஏன்டா பாறையிலேயே சொல்லவில்லை என்று மகளை விட்டுப் போனில் கேட்டேன். "அவரு மனசு விட்டுப் பேசிக்கிட்டிருந்தாரு, நடுவுல போய் நான்தான்னு எப்படிச் சொல்றது" என்றானாம். ஆஸ்பத்திரியில் அந்த ஒரு வாரமும் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவனும் அவன்தானாம். ஆனால் உக்காந்து ஏறுகிறவனுக்குப் பெண் இல்லை என்று நான் சொன்னதால், ஒருமுறை நேரில் வந்து முறையாகக் கேட்டுவிடுகிறேன் என்று இன்று சாயங்காலம் வருகிறான். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவர்கள் வீடு நாலாவது மாடி. மத்தியானத்திலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. நான் சரிசெய்கிறேன் என்று கிளம்பினேன், இந்த ஊரில் வெளியாள் தொட்டால் போலீஸ் வரும் என்று மகள் திருப்புளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு நாலு மாடி இறங்க எனக்கு நேரமாகும், அதனால் இப்போதே புறப்படுகிறேன். வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசிக்கொண்டே இரண்டு பேருமாக மேலே வந்து சேர்ந்துவிடுகிறோம்.