சப்ளையர்: கடல்

உலகத்தைப் படைத்த அன்று ஹோல்டு அண்ணன் அங்கே வேலையில் இருந்திருந்தால், இன்றுவரை சூரியன் உதித்திருக்காது. "சூடு கொஞ்சம் ஜாஸ்தியா கீது. ஓரமா வைங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்.

ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் லைனில் நின்ற காலத்தில், அவர்தான் எங்கள் தர ஆய்வாளர். அவர் கையில் மூன்று அட்டைகள். நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். மஞ்சள் கட்டிய பொருள் 'ஹோல்டு'. கம்பிவலை போட்ட ஒரு கூண்டுக்குள் போய்த் தீர்ப்புக்குக் காத்திருக்கும். மற்ற ஆய்வாளர்களிடம் பச்சை அட்டை சீக்கிரம் தீரும். இவரிடம் மஞ்சள்.

பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "பொண்ணு புடிச்சிருக்கா மாப்ள?" என்று கேட்டதற்கு, "ஒரு வாரம் ஹோல்டுல வைக்கலாங்களா?" என்றாராம். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது: "அவர மொதல்ல தெருவுல வைங்கப்பா!" அந்தக் குரலைக் கேட்டதும், வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, யோசிக்காமல் பச்சை கட்டினார். அவர்தான் அண்ணி.

கேன்டீனுக்குச் சாப்பிட வந்தாலும் சட்டைப்பையில் மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியர் இருக்கும். ஒருநாள் வடையை அளந்தார்.

"மாஸ்டர், ஓட்டை நடுவுல இல்லியே. ரெண்டு மில்லி தள்ளிக்கினு கீது."

கேன்டீன் மாஸ்டர் தொண்டிப் பக்கத்துக்காரர். கரண்டியோடு வெளியே வந்தார். "அது வடைண்ணே, பேரிங்கு இல்ல. வாயில போட்டா எந்த ஓட்டையும் நடுவுலதான் போவும்."

"ரெண்டு ஓட்டைக்கும் வித்தியாசம் கீது மாஸ்டர்."

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வடையும் சட்னியும் மட்டும் போய்வந்தன. வடையை அளப்பதும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் எங்களைச் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். எல்லோரும் அலையில் குதிக்க, ஹோல்டு அண்ணன் மட்டும் குனிந்துகொண்டே நடந்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு சாமான். முழங்கை நீளம், வாழைப்பழ வளைவு, கருப்பும் பழுப்புமாக ஒரு நிறம். எலும்பு மாதிரி இருந்தது. ஆனால் இரும்பு மாதிரி கனத்தது. கல்லில் தட்டினால் 'ணங்' என்றது.

பஸ் டிரைவர், "யானத் தந்தம்" என்றார். டைனோசர் என்றான் ஒருவன். "டைனோசரோட பல்லு குத்துற குச்சி" என்றேன் நான். ஹோல்டு அண்ணன் சிரிக்கவில்லை.

"தெரியாம பேர் வைக்கக் கூடாதுபா."

"செத்ததெல்லாம் வூட்டுக்குள்ள ஏத்தாத" என்று அண்ணி வாசலிலேயே நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை காலை எலும்பு சாப்பாட்டுப் பையில் தொழிற்சாலைக்குள் வந்தது. கூண்டுக்குள் போனது. அட்டையில் அழகாக எழுதியிருந்தார். பொருளின் பெயர்: தெரியாது. எண்ணிக்கை: ஒன்று. சப்ளையர்: கடல்.

மத்தியானம் மேனேஜர் பார்த்துவிட்டார்.

"இன்னாய்யா இது? வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட்டு! 'சப்ளையர் கடல்'னு எழுதி வச்சிருக்க. ஆடிட்டர் பாத்தா என்னைக் கடல்ல போட்டுருவாரு. வூட்டுக்கு எடுத்துனு போ!"

இங்கேதான் வினை. கூண்டுக்குள் போன பொருள் பதிவேட்டில் ஏறிவிடும். பதிவேட்டில் ஏறியது கேட்டைத் தாண்ட வேண்டுமானால் கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸில் பொருளின் பெயர் வேண்டும். பெயர்தான் தெரியாதே! இந்த விதிகளை எல்லாம் வரிவரியாக எழுதிக் கொடுத்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான்.

"அப்ப ஒண்ணு வியாழக்கிழமைக்குள்ள அது இன்னான்னு சொல்லு. இல்ல, சிவப்பு கட்டி ஸ்க்ராப்புக்கு அனுப்பு. இல்லாங்காட்டி சூப்பர்வைசர் லிஸ்ட்ல கீற உன் பேர மறந்துடு" என்றார் மேனேஜர்.

அந்தப் பதவிக்கு அவர் பல வருஷமாகக் காத்திருந்தார். ஸ்க்ராப் என்றால் நசுக்கும் இயந்திரம். நான் காதோடு சொன்னேன்: "அண்ணே, 'மாட்டு எலும்பு'ன்னு எழுதி வெளிய எடுத்துரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேடா" என்றார்.

அவருக்குத் தூக்கம் போயிற்று. காந்தம் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. ஊசியால் குத்திக் கடினத்தைச் சோதிக்கலாம் என்றார்கள் லேப்பில். "வலிக்கும்" என்று மறுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை போட்டோவோடும் அளவுகளோடும் பிள்ளைப்பாக்கத்துக் கால்நடை டாக்டரிடம் போனோம். டாக்டர், பக்கத்தில் நின்ற பசுவையும் போட்டோவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மாடு இல்ல. மாட்டு விலா எலும்பு உள்ள சல்லட மாதிரி இருக்கும். இது முழுக் கட்டையா இருக்கு. சென்னையில எனக்குத் தெரிஞ்ச நிலவியல் பேராசிரியை ஒருத்தங்க இருக்காங்க. அனுப்பிக் கேளுங்க."

அனுப்பினோம். பதில் இல்லை. புதன்கிழமை மத்தியானம் அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். வடையை அளக்கவில்லை. மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னாச்சு தம்பி இவருக்கு? அளக்காமத் திங்கிறாரு! பயமால்ல இருக்கு."

விஷயத்தைச் சொல்லிப் போனில் படத்தைக் காட்டினேன். மாஸ்டர் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணும் பெரிதாயிற்று. நேராக அண்ணனிடம் போனார்.

"அண்ணே, அது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரு கண்டிசனு. இனிமே என் வடைய அளக்கக் கூடாது."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பக்கம் எலும்பு, பதவி, இரண்டு நாள் தூக்கம். மறுபக்கம் வடை. ஒரு நிமிஷம் யோசித்தார்.

"முடியாது மாஸ்டர். நாளைக்கு ஓட்டை ஓரமாப் போனா யாரு பாக்குறது?"

மாஸ்டர் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உங்கள வச்சுக்கிட்டு என்னதாண்ணே செய்ய! அது ஆவுளியா விலா. கடல் பசுன்னு சொல்வாகல்ல, அது. எங்க அப்பா வலையில ஒருக்கா உசுரோட மாட்டுச்சு. வலைய அறுத்து விட்டுட்டாரு. அதுக்கு எலும்பு அம்புட்டும் கல்லுக் கனம். அந்தக் கனத்துலதான் அடியில கெடந்து புல்லு மேயும். ஆனா இது கருத்து, நெசமாவே கல்லாப் போச்சு. எந்தக் காலத்துல செத்ததோ."

அண்ணன் எழுந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சொன்னார்: "தேங்க்ஸ் மாஸ்டர். ஆனா ரெண்டாவது ஆளும் சொல்லணும். ரூலு."

"அடப் போண்ணே!"

வியாழக்கிழமை ஆடிட்டர் கூண்டின் முன்னால் வந்து நின்றார். அட்டையை ஒருதரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருதரம் படித்தார். மேனேஜரின் சட்டை நனைந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் போனில் பேராசிரியையின் பதில்: 'கல்லாக மாறிய கடல் பசுவின் விலா எலும்பு. சனிக்கிழமை நேரில் கொண்டுவாருங்கள். எங்கள் கல்லூரி அலமாரியில் வைக்க வேண்டும்.'

அண்ணன் அட்டையை எடுத்து, 'தெரியாது' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, 'ஆவுளியா விலா எலும்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எல்லாம் சரி. அட்டைல தேதி இல்லையே?" என்றார் ஆடிட்டர்.

"எந்தத் தேதி சார் போடறது? அது செத்த தேதியா, நான் எடுத்த தேதியா?"

ஆடிட்டர் ரொம்ப நேரம் யோசித்தார். "அதைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அடுத்த பகுதிக்கு நகர்ந்தார். இன்றுவரை சொல்லவில்லை. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சூப்பர்வைசர் பதவி அடுத்த மாதமே வந்தது. அதையும் இரண்டு நாள் யோசித்துத்தான் வாங்கினார்.

ஆடிட் நடந்த அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் பஸ் கிளம்பக் காத்திருந்தது. கேட்டில் செக்யூரிட்டி கேட் பாஸை நீட்டி, "திரும்பி வருமா, வராதாண்ணே? டிக்கு போடணும்" என்றார். பேனாவை வைத்துக்கொண்டு அண்ணன் நின்றார், நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணன் எலும்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, 'வராது' என்பதற்கு நேராக டிக் போட்டார்.

பஸ்ஸில் எலும்பை என் மடியில் வைத்தார். "பாத்துக்கோடா" என்றவர், ஒரகடம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் படப்பையில் இறங்க வேண்டும். படப்பை வந்தது. கண்டபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தொடை மரத்துப்போயிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்து, அவர் இறங்கும் குன்றத்தூர் வரைக்கும் போனேன்.