வடகரை வீட்டுக் குழாய்

குணபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசரும் உண்டு, தேர்தலும் உண்டு. தேர்தலில் அரசர் ஒருவரே நிற்பார், அவரே வெல்வார். இருந்தாலும் வாக்கு எண்ணி முடியும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். அவ்வளவு ஜனநாயகப் பற்று.

வடகோடியிலிருந்த வடகரை மாகாணத்தின் மேல் அரசருக்குத் தனிப் பிரியம். அங்கே அவர் போனதில்லை. ஆனால் அரசுத் தொலைக்காட்சியில் வெள்ளிதோறும் நேரலையாக வரும் 'வடகரை வீடு' என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரைத் தவறவிட்டதே இல்லை. தலைநகரத்து அரங்கில் தலைநகரத்து நடிகர்களை வைத்து எடுத்த தொடர் அது. அம்மா குழாயைத் திறப்பாள். தண்ணீர் பீய்ச்சியடித்து அப்பாவின் வேட்டியை நனைக்கும். எங்கிருந்தோ நூறு பேர் சிரிப்பார்கள். அது சிரிப்பு இயந்திரம்.

வடகரையில் வண்டிமலைச்சியின் டீக்கடையில்தான் ஊரே கூடி அதைப் பார்த்தது.

"வார்த்தைக்கு வார்த்தை 'லே' போட்டா நம்ம பேச்சாயிருமா?" என்பாள் அவள், கிளாஸைக் கழுவிக்கொண்டே. "பெத்த மவளப் போயி, ஆம்பளப் பயலக் கூப்பிடுத மாதிரி 'லே'ங்காளே!"

"நம்ம ஊரு பேரு டிவியில வருதுல்லா யக்கா, அதப் பாப்பியா?" என்பான் நம்பிராசன். ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். வடகரை ஆற்றை மறித்துத் தலைநகருக்குக் கொண்டுபோன நாளிலிருந்து ஊருக்கு லாரித் தண்ணீர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அரசர் வியந்தார். "வடகரையில் இவ்வளவு தண்ணீரா! வீணாக வேட்டியில் அல்லவா போகிறது?"

"தங்கள் பார்வைக்கு எதுதான் தப்பும், அரசே!" என்றார் கருத்துத் துறை அமைச்சர் நாவலேந்தி. மறுநாள் தண்ணீர் லாரி நிறுத்தப்பட்டது.

அடுத்து, தொடரில் அப்பா பேருந்தைத் தவறவிட்டுக் கழுதைமேல் ஏறி வேலைக்குப் போனார். வடகரையார் கழுதையையே விரும்புகிறார்கள் என்று தெளிந்து, பேருந்தையும் நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் காய்ச்சல்கூட வந்ததில்லை என்பதையும் அரசர் கவனித்தார். வடகரையின் ஒரே மருத்துவர் தலைநகருக்கு மாற்றப்பட்டார்.

ஊர் மனுக் கொடுத்தது. மனுக்களை நேயர் கருத்தாகவே கொள்ள வேண்டும் என்று புது ஆணை வந்தது. மைக்கோடு ஓர் அதிகாரியும் வந்தார்.

"தண்ணி வரல ஐயா" என்றாள் வண்டிமலைச்சி.

அதிகாரி மைக்கைத் தன் வாய்க்குத் திருப்பிக்கொண்டு, "தண்ணீர்க் காட்சிகள் போதவில்லை என்று நேயர் கருதுகிறார்" என்றார். அடுத்த வாரம் குழாய் இரண்டு முறை பீய்ச்சியது.

அந்தக் கோடையில் வண்டிமலைச்சியின் மகள் கோமுவுக்குப் பிரசவ வலி வந்தது. பேருந்து இல்லை. டீசல் இல்லாமல் லாரியும் கிடையாகக் கிடந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு பக்கத்து மாகாணத்துக்கு ஓடினார்கள். வழியில், ஒரு வேலமரத்து நிழலில், ஆண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை.

காரியம் முடிந்து கடை திறந்தபோது மைக் அதிகாரி மறுபடி வந்தார். "தொடரில் உங்களுக்குப் பிடித்த பாத்திரம் எது, அம்மா?"

"எம் பேரன்."

"அப்படியொரு பாத்திரம் தொடரில் இல்லையே?"

"எங்க வீட்லயும் இல்ல" என்றாள் அவள்.

அதிகாரிக்கு விளங்கவில்லை. உணர்ச்சிமிக்க நேயர் என்று அவளைப் பரிந்துரைத்தார். தொடரின் ஆண்டுவிழா நேரலையில் வருவதற்கு அழைப்பு வந்தது, குடும்பத்தோடு. வடகரை முழுவதும் ஒரே குடும்பம் என்று தொடரிலேயே அடிக்கடி சொல்லியிருந்தார்கள். வண்டிமலைச்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஊர் காசு போட்டு டீசல் வாங்கியது. நம்பிராசனின் லாரியில் பெண்கள் ஏறினார்கள், ஆளுக்கொரு குடத்தோடு. கோமுவும் ஏறினாள்.

அரங்கில் அரசர் முன்வரிசையில் இருந்தார். தொடரின் அம்மா குழாயைத் திறந்ததும் வண்டிமலைச்சி மேடையேறிக் குடத்தை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

"கதையில் எழுதப்படாத எவரும் மேடையில் நிற்கலாகாது!" என்று நாவலேந்தி கர்ஜித்தார்.

"கதைய நீங்க எழுதிக்கிடுங்க ஐயா. தண்ணி எங்க ஆத்துத் தண்ணி. மறிச்சுத்தான இங்க கொண்டாந்திய?"

அரசர் அமைச்சர் பக்கம் சாய்ந்தார். "யார் இவர்கள்? பேச்சு வடகரைப் பேச்சு மாதிரியே இல்லையே."

"புதுமுகங்கள், அரசே. பயிற்சி போதாது."

வண்டிமலைச்சி கேமராவைப் பார்த்தாள். "என் கருத்த கேட்டிய. சொல்லுதேன். நீங்க லாரிய நிறுத்துனிய, பொறுத்தோம். பஸ்ஸ நிறுத்துனிய, நடந்தோம். டாக்டர கூட்டிட்டுப் போனிய. எம் பேரன் பாதையில பெறந்தான், பாதையிலயே போயிட்டான்."

நாவலேந்தி பதற்றத்தில் கைகாட்ட, சிரிப்பு இயந்திரம் முடுக்கப்பட்டது. நூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாடு முழுக்க அது கேட்டது. எந்த வீட்டிலும் எவரும் கூடச் சிரிக்கவில்லை.

கோமுவின் குடம் பாதி நிறைந்திருந்தது. அம்மாவாக நடித்தவள் அவளையே பார்த்தாள். பிறகு குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, குடத்தைத் தானே தாங்கிப் பிடித்தாள். காவலர்கள் ஆணைக்குக் காத்திருந்தார்கள். ஆணையிட வேண்டிய அரசரோ தம் வேட்டி நனையாமல் ஒதுங்குவதில் முனைப்பாக இருந்தார்.

"வாற வெள்ளியும் வருவோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். சொன்னபடி வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார்கள். குடங்களை நாட்டுக்குக் காட்டுவதைவிட லாரி விடுவது நல்லதென்று அரசவைக்குப் பட்டது. லாரி ஓடியது, பேருந்து வந்தது, மருத்துவரும் திரும்பினார். தொடர் நிறுத்தப்பட்டது. குணபுரியில் இனி யாரும் கருத்தே சொல்லக் கூடாது என்றும் ஆணை பிறந்தது.

அந்த இடத்தில் 'தென்மலை வீடு' என்ற புதுத் தொடர் தொடங்கியது. அதில் தண்ணீரே கிடையாது. ஜாக்கிரதையாக, ஒரு பெரிய ஆஸ்பத்திரியை மட்டும் காட்டினார்கள். பளபளக்கும் தரை, வரிசையாகக் கட்டில்கள், புன்னகைக்கும் டாக்டர்.

ஒரு காலை, அரங்கத்தின் வாசலில் சின்னக் கூட்டம் ஒன்று வந்து நின்றது. முன்னால் நின்றவரின் தோளில் காய்ச்சலில் துவண்டு ஒரு பெண் குழந்தை.

"கருத்து எதுவும் சொல்லக் கூடாது, தெரியும்ல?" என்றான் காவலாளி.

"ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"எந்த ஊரு?"

"தென்மலைங்க."

"தென்மலையா? அங்கதான் பெரிய ஆஸ்பத்திரி இருக்கே. போன வாரம் நாடகத்துல பாத்தேனே!"

"நாங்களும் அதுலதாங்க பாத்தோம்" என்றார் அவர். "அதான் பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கோம். கதவைத் திறங்க."