ஐந்து ராஜாக்களும் ஒரு வெற்றுப் பலகையும்

கனவு காண்கிறவனிடம் கடை அடைக்கிற வேலையைக் கொடுக்கக் கூடாது. என் மாமாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் பதுளைக் கடைத்தெருவுக்கு ஒரு நல்ல வேடிக்கை கிடைக்காமல் போயிருக்கும். எனக்குக் கல்யாணமும் ஆகியிருக்காது.

நான் சொல்வது பதுளைக்கு ரயில் வராத காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. மாமாவின் மளிகைக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுப்பது என் வேலை. (கை தராசில் இருக்கும். கண் நமுனுகுல மலையில் இருக்கும்.) காலையில் அந்த மலையிலிருந்து மூடுபனி இறங்கி வந்து தெருவில் படுத்துக்கொள்ளும். எதிர்க்கடை கண்ணுக்குத் தெரியாது; அங்கே துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானாவின் இருமல் மட்டும் கேட்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் கனவு காணாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அந்த வருஷம் கடலுக்கு அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, ஒரு நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டது. ஓர் இளவரசிக்குச் சுயம்வரம். ஐந்து தேசத்து ராஜாக்கள் பெண் கேட்டு வருகிறார்கள். ஐந்து பேரும் ஒரே பபூன்தான். தொப்பியை மாற்றுவார், தேசம் மாறிவிடும்! கடைசியில் ஆறாவதாக வருகிற அழகனுக்கு இளவரசி மாலை போடுவாள். நாடகம் நடந்த ஆறு நாளும் போனேன். மூன்றாம் நாளே பபூன் வாய் திறக்குமுன் நான் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முன்னால் இருந்தவர் திரும்பி, "தம்பி, ஒண்ணு மேடைக்குப் போங்க, இல்ல வாய மூடுங்க" என்றார்.

கம்பெனி ஊரைவிட்டுப் போனதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பபூனின் ராஜாக்களை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடையின் பலகைகளில் எழுத ஆரம்பித்தேன்.

அன்றைய கடைகளுக்கு இன்றைக்குப் போலக் கதவு கிடையாது. எங்கள் கடை வாசலுக்கு ஆறு நீளப் பலகைகள். மேலும் கீழும் இருக்கிற காடியில் ஒவ்வொன்றாகச் செருகித் தள்ளினால் கடை அடைபட்டுவிடும். எதற்குப் பின் எது என்று உட்புறத்தில் எண் போட்டிருக்கும். நான் கடைக்குள்ளேயே படுக்கிறவன். அதனால் எப்போதும் உள்ளே நின்றுதான் பலகை போடுவேன். அந்த எண்களின் மேல்தான் சலவை நீலமும் மஞ்சளும் கரியும் குழைத்து ராஜாக்களை ஏற்றினேன். சிவப்புச் சாயம் மட்டும் நானா கொடுத்தார். தூரிகை துடைக்கத் துண்டுத் துணியும் கொடுத்தார்.

பபூனின் தேசங்கள் எனக்குத் தெரியாத தேசங்கள். தெரிந்த முகங்களைப் போட்டேன். வெள்ளைக்கார ராஜாவுக்கு ஒரு கையில் சாராயப் போத்தல், மறு கையில் நாய். செட்டியார் ராஜாவுக்குக் கழுத்தில் மாலைக்குப் பதில் சாவிக்கொத்து. யாழ்ப்பாணத்து ராஜா வெயிலில்லாத இடத்திலும் குடை பிடித்திருந்தார். அக்குளில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் கடுதாசிக் கட்டு. சிங்கள ஊர்த்தலைவரான ஆராச்சி ராஜாவின் கொண்டைச் சீப்பு கிரீடத்தைவிடப் பெரிது. ஐந்தாவது நானா ராஜா: சாய்ந்த தொப்பி, துணிச் சுருள், கையில் சாண் நீளத்துக்கு ஒரு கெஜக்கோல். நானா அளவு குறைப்பார் என்று மாமா சொல்லிக் கேட்டிருந்தேன். (நான் அளந்து பார்த்ததில்லை.)

ஆறாம் பலகையை வெறுமையாக விட்டேன். அந்த அழகன் நான்தான். என் அழகை எழுத எனக்குக் கை வரவில்லை. இதை நான் அப்போது மனதார நம்பினேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பகலில் பலகைகள் சுவரைப் பார்த்தபடி மூலையில் நிற்கும். காலையில் கண் விழித்தால் இரண்டிரண்டு ராஜாக்களுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாக உள்ளே வரும். அந்தத் தூசியில் அவர்கள் அசைவதுபோலவே இருக்கும். அப்படியே கிடப்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் கிடந்ததில்லை.

இந்த நிலையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெண்ணின் அப்பா பெரிய கங்காணி. அங்கே சின்னதாக ஒரு கடையும் உண்டு, மகள்தான் கவனிப்பாள். சாமான் எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகும். பதுளைக் கோயிலில் பெண் பார்ப்பதென்று ஏற்பாடு. மாமாவும் மாமியும் முன்னால் போய்விட்டார்கள். "மாப்ள, வெளிய பூட்டிட்டு வெரசா வந்து சேரு" என்றார் மாமா.

அன்றுதான் முதல் தடவையாக வெளியே நின்று பலகை போட்டேன். எண்ணில்லை, ஆகவே முகம் பார்த்துப் போட்டேன். மனசு கோயிலில் இருந்தது. வாயில் நாடகப் பாட்டு. ஐந்து ராஜாக்களும் வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற திருப்தியோடு ஆறாவதைச் செருகிப் பூட்டிவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன்.

கோயிலில் பெண் தலை நிமிரவில்லை. நான் அவள் கால் விரலைப் பார்த்தே காதலில் விழுந்துவிட்டேன். பெரிய கங்காணிக்கும் பிடித்துவிட்டது. "அப்படியே ஒங்க கடையையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோமே, மொதலாளி" என்றார். எல்லோருமாக இறங்கி வந்தோம்.

கடை வாசலில் பெருங்கூட்டம். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் இரண்டடி ஓடினேன். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஆராச்சி ராஜாவின் சீப்பு தெரிந்தது. உள்ளே பார்க்க வேண்டிய முகங்களைத் தெருப்பக்கமாக வைத்துப் பூட்டியிருந்தேன்!

அசல்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். செட்டியார் ஆராச்சியின் சீப்பைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். ஆராச்சி செட்டியாரின் சாவிகளை எண்ணிக் காட்டிச் சிரித்தார். யாழ்ப்பாணத்து ராஜாவின் அசலான கச்சேரிக் கிளாக்கர் மட்டும் கோபமாக இருந்தார். "குடை பிடிச்சது சரி. என்ர குடைக்கு வெள்ளிப் பிடியல்லோ! இதென்ன மூங்கில்?" குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கிளாக்கர் மொழிபெயர்த்தார்: "நாய் நல்லா மெலிஞ்சு போச்சாம்."

தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது நானா தன் கடைக்குள் போய்க் கெஜக்கோலை எடுத்துவந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. அதை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, இத அளந்து பாருங்க. முப்பத்தாறு அங்குலம். ஒரு நூலு கொறஞ்சாலும் கடைய மூடிர்றேன்."

குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கொடுத்த சிவப்பில்தான் அவர் தொப்பியை எழுதியிருந்தேன். அவமானத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எல்லாரையும் எழுதியிருக்கீங்க. ஒங்க ஆளு எங்க?" என்று கேட்டார் நானா. வெற்றுப் பலகையைப் பார்த்தார். தெருவே பார்த்தது. 'நான் அழகன், அதனால் எழுதவில்லை' என்று எப்படிச் சொல்வது?

"நான் எழுதுறேங்க."

பெண்ணின் குரல். மூட்டைகளில் குறி போடுகிற சீமைச்சுண்ணாம்பு வாசல் தூணில் கயிற்றில் தொங்கியது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள், கயிறு அறுந்துவிட்டது. "ஏம்மா, ஏம்மா!" என்றார் பெரிய கங்காணி. அவள் திரும்பாமல் வெற்றுப் பலகையில் எழுத ஆரம்பித்தாள். காதுவரைக்கும் ஒரு திருநீற்றுப் பட்டை. திறந்த வாய். வானத்தைப் பார்க்கிற இரண்டு கண். கீழே ஒரு தராசு. கடைசியாக, தராசுத் தட்டின்மேல் வாழைப்பழம் அளவுக்கு ஒரு கட்டைவிரல்.

"சீனி வாங்குனா ஒவ்வொரு தரமும் அரை றாத்தல் கொறையுதுங்க" என்றாள் நானாவிடம். "ஊட்ல நிறுத்துப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

நானாதான் முதலில் சிரித்தார். இருமி இருமிச் சிரித்தார். பிறகு தெரு சிரித்தது. மாமா சிரிக்கவில்லை, தட்டில் விரல் வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். நான் அதைத் தப்பென்றுகூட நினைத்ததில்லை. எங்கள் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் கெஜக்கோலை முழு நீளத்துக்கு எழுதினேன். நானா பக்கத்தில் நின்று பார்த்தார். "இப்ப சரி. தொப்பியையும் கொஞ்சம் நிமித்திருங்க" என்றார்.

சம்பந்தம் போய்விட்டது என்றுதான் இருந்தோம். பத்து நாள் கழித்துப் பெரிய கங்காணி ஆள் அனுப்பினார். பெண்ணுக்குச் சம்மதமாம். ஒரே ஒரு நிபந்தனை: இனி அவர்கள் கடைக்கு வருகிற சீனியை மாப்பிள்ளை இடது கையை முதுகில் கட்டிக்கொண்டு நிறுக்க வேண்டும். கட்டிக்கொண்டேன். இன்னும் அவிழ்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். நர்ஸ் அவனைத் தராசில் வைத்தபோது நான் சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன்.

"மிஸ்ஸி, அவரு கையக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள் என் மனைவி.