பஃபர் வேண்டாத கிட்டார்

ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் காது கொடுக்கும் என் அக்கா மகளுக்கு, உன் மாமன் நலம், கிட்டாரும் நலம். நீயும் அக்காவும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு, உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

போன வாரம் ஒத்திகையில், டிரம்ஸ் வாசிக்கும் என் சகலை குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "சகலை, உங்க கிட்டாரு கம்பளி போத்திக்கிட்டுப் பேசுது," என்றார். "காதைக் கழுவிட்டு வாங்க," என்றேன். "கழுவிட்டுத்தான் வந்தேன். சனிக்கிழமை ஒத்திகையிலயும் இப்படியே இருந்தா, உங்க இடத்துல நம்ம தெரு பல் டாக்டர் கீபோர்டு வாசிப்பாரு." பதினெட்டு வருஷம் நான் நின்ற இடத்தில் பல் டாக்டர்.

உடனே உனக்குப் போன் செய்தது என் தப்பு. "சத்தத்தை மாத்த நீங்க காலால அமுக்கற ஒன்பது பெடல், நாப்பதடி ஒயர், இத்தனையும் தாண்டறதுக்குள்ள சத்தத்தோட கூர்மை போயிடும் மாமா. பஃபர்னு ஒரு சின்னப் பெட்டி அனுப்பறேன், அது தெம்பு குடுத்து அனுப்பும். எல்லாத்துக்கும் முன்னாடி வைங்க," என்றாய். என் ஸ்வரம் கிட்டாரை விட்டு வாலிபனாகக் கிளம்பி, ஆம்ப்ளிஃபையருக்கு மஃப்ளர் சுற்றிய கிழவனாகப் போய்ச் சேருகிறது என்று சிரிக்கவும் சிரித்தாய். கேட்டுக்கொள். என் ஸ்வரத்துக்கு ஊன்றுகோல் தேவையில்லை. உன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. ஒன்பது பெடலையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாகத் திட்டினேன். ஒயர்களைப் பிடித்து உலுக்கினேன். சனிக்கிழமை முதல் மீட்டலிலேயே ஜன்னல் கண்ணாடி மூன்று விரிசல் விட்டது, சகலையின் வழுக்கையில் முடி சிலிர்த்தது, நாலு தெரு தள்ளி ஒரு நாய் சுருதி சேர்த்தது, பல் டாக்டர் தன் பல்லையே பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். "இவ்வளவு நாளா இந்தச் சத்தத்தை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று சகலை கண் கலங்கினார். என் இடம் எனக்கே. உன் பெட்டியைப் பார்சலில் திருப்பி அனுப்பிவிட்டேன், வாங்கிக்கொள்.

அக்காவுக்கு என் வணக்கம். உனக்கு, காது கெடாமல் நூறு வயது இருக்க ஆசி.

இப்படிக்கு,
எவர் தயவும் வேண்டாத உன் மாமன்

பி.கு.: பார்சலில் வெறும் அட்டைப்பெட்டிதான் இருக்கும், பதறாதே. உள்ளே இருந்தது என் பெடல் பலகையில், சகலை கண்ணில் படாமல் கறுப்பு டேப்புக்குள் இருக்கிறது. நீ சொன்னபடி முதலில்தான் வைத்தேன். கரகரவென்று உறுமும் என் பழைய ஃபஸ் பெடல் கொசு மாதிரி முனகியது. வந்த கோபத்தில் ஃபஸ்ஸைத் தூக்கி உன் பெட்டிக்கு முன்னால் வைத்தேன். உறுமலும் வந்தது, கூர்மையும் வந்தது. நாய், கண்ணாடி, வழுக்கை எல்லாம் புளுகு. சகலை சொன்னதும் "பரவால்ல, உங்க இடத்துலயே நில்லுங்க" என்பது மட்டுமே. ஆனால் உன் பேச்சை மீறி உன் பெட்டியை இரண்டாவதாக வைத்தது நிஜம். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.